கப்பல் நின்ற ஊரில் என் மனைவி

கப்பலை விட்டு இறங்குகிற வரிசையில் என் மனைவி எனக்கு முன்னால் நின்றாள். அதுவே எனக்குப் புதிது. முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவில் என் வண்டியில் யார் எங்கே நிற்பது, யார் உள்ளே தள்ளிப் போவது என்று நான்தான் சொல்வேன். கல்யாண வீடு, கோயில், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் அவள் எனக்கு ரெண்டு எட்டு பின்னால் வருவாள். அன்றைக்குக் கழுத்தில் தொங்கிய கப்பல் அட்டையை அவளே எடுத்து மெஷினில் காட்டினாள். அது ‘டிங்’ என்றது. பக்கத்தில் நின்ற காவலாளியைப் பார்த்துச் சிரித்து, "தேங்க் யூ, ஹேவ் எ குட் டே" என்றாள்.

நான் என் அட்டையைத் தலைகீழாகக் காட்டினேன். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நின்ற வெள்ளைக்காரர் பொறுமையாக மூச்சு விட்டார். அவள் திரும்பி வந்து, என் அட்டையை வாங்கித் திருப்பிக் காட்டி, "இப்புடிங்க" என்றாள்.

நெஞ்சுக்குக் கீழே என்னவோ கனத்தது. காலையில் தின்ற ரொட்டி செரிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மகள் அமெரிக்காவில், கடலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது என் மனைவி ஆறு மாதம் அங்கே போய் இருந்தாள். பிறகு மகளுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தபோது ஒரு ஆறு மாதம். மகள் வேலை மாறியபோது குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆறு மாதம். மூன்று தடவையும் நான் திருமயத்தில் இருந்தேன். லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்வேன். நான் டிப்போவில் லீவு கேட்கவே இல்லை என்பதுதான் நிஜம். பையும் விசிலும் இல்லாமல் ஆறு மாதம் ஒரு வீட்டுக்குள் எப்படி இருப்பது என்று பயம். ரிட்டயர் ஆன பிறகுதான் மகள் என்னையும் சேர்த்து வரவழைத்தாள். வந்த மூன்றாவது வாரம், ஒரு வார லீவு போட்டு எங்களைக் கரீபியன் பக்கம் போகிற கப்பலில் ஏற்றினாள். மகள், மருமகன், எட்டு வயதுப் பேத்தி, நாங்கள் ரெண்டு பேர். இரண்டு நாள் வெறும் தண்ணீரைப் பார்த்தபடி போய், மூன்றாம் நாள் காலை ஒரு தீவில் கப்பல் நின்றது. அந்தத் தீவின் பெயர் என் வாயில் சரியாக வராது. நான் சொல்லும்போதெல்லாம் பேத்தி சிரிப்பாள். அதனால் இங்கேயும் எழுதாமல் விடுகிறேன்.

துறைமுகத்தைத் தாண்டியதும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. வாசலில் டாக்ஸிக்காரர்கள் ஊர் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அசல் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு சத்தம். மலைச்சரிவில் மஞ்சளும் நீலமுமாகத் தகரக் கூரை வீடுகள். கடலோர ரோட்டில் வேன்கள் ஒன்றை ஒன்று முட்டுகிற மாதிரி வந்து, முட்டாமல் ஒதுங்கிப் போயின. ஓட்டுகிறவன் கெட்டிக்காரன் என்று பார்த்ததும் தெரிந்தது. வியர்வை கழுத்தில் இறங்கியது. இது எனக்குத் தெரிஞ்ச உலகம்தான், இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நிமிர்ந்தேன்.

மருமகன் ஒரு கடற்கரையில் குடையும் நாற்காலியும் சொல்லி வைத்திருந்தார். பேத்தி உடனே தண்ணீருக்குப் போக வேண்டும் என்றாள். மனைவிக்கு மார்க்கெட் பார்க்க ஆசை.

"அப்ப நாங்க மூணு பேரும் டாக்ஸில போயி எடம் புடிக்கிறோம். நீங்க ரெண்டு பேரும் மார்க்கெட்டைப் பாத்துட்டு, வேன் புடிச்சு வந்துருங்க. கடைசி ஸ்டாப்புதான்" என்றாள் மகள். நான் தலையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளைத் தொட்டு, "அம்மா, அப்பாவைப் பத்திரமாக் கூட்டிட்டு வா. போனை ஆன்லயே வச்சிரு" என்றாள்.

அப்பாவைப் பத்திரமாக. ஒரு நாளைக்கு ஆயிரம் பேரைப் பத்திரமாக இறக்கிவிட்டவனை.

மார்க்கெட் பழைய இரும்புக் கூரைக் கட்டிடம். உள்ளே வாழைக்காய், பூசணி, வெண்டைக்காய், நம் ஊர்ச் சீமைப்பலா மாதிரி பச்சைப் பச்சையாக ஒன்று. ஜாதிக்காயை மேல்தோலோடு குவித்து வைத்திருந்தார்கள். மனைவி ஒவ்வொன்றையும் எடுத்து முகர்ந்தாள். திருமயத்தில் பால்காரர் அவளிடம் ஒன்றுக்கு ரெண்டு தடவை "என்னாக்கா சொன்னீங்க?" என்று கேட்பார், அவ்வளவு மெதுவாகப் பேசுவாள். இங்கே ஒரு கடைக்காரியிடம் சீமைப்பலாவைத் தட்டிக் காட்டி, "ஹவ் யூ குக்?" என்று கணீரென்று கேட்டாள்.

கடைக்காரிக்கு எங்கள் வயதுதான் இருக்கும். தலையில் கட்டம் போட்ட துணி, வாயில் ஒரு பல் தங்கம். அவள் தீயில் சுடுவதைக் கையாலேயே நடித்துக் காட்டினாள். மனைவி எண்ணெயில் வறுப்பதை நடித்துக் காட்டினாள். ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் மனைவியை "டார்லிங்" என்றாள். மனைவி அதற்குக் கூச்சப்படவில்லை. நான்தான் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தேன்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "அண்ட் யூ, டாடி? வாட் யூ டூ?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு நான் கப்பலில் ஏறியதிலிருந்து தயாராக இருந்தேன். "ஐ ஆம் எ ரிட்டயர்ட் கண்டக்டர். தர்ட்டி ஒன் இயர்ஸ். கவர்மெண்ட்" என்றேன்.

அவள் கண்ணை விரித்தாள். பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு என்னவோ சொல்லிவிட்டு, ரெண்டு கையையும் மேலே தூக்கி அசைத்தாள். கச்சேரியில் வாத்தியக்காரர்கள் முன்னால் நின்று குச்சி ஆட்டுகிறவர் மாதிரி. "மியூசிக்?" என்றாள் மரியாதையோடு.

"நோ, நோ. கண்டக்டர். பாசஞ்சர்..." என்று ஆரம்பித்தேன். விசில் ஊதுவது போல விரலை வாயில் வைத்தேன். அவளுக்குப் பயமாகிவிட்டது.

"பஸ். டிக்கெட்" என்றாள் என் மனைவி.

"ஆ!" என்றாள் கடைக்காரி. உடனே புரிந்துவிட்டது. சிரித்துத் தலையாட்டிவிட்டு, மறுபடியும் மனைவியிடமே பேசப் போய்விட்டாள். என் முப்பத்தோரு வருஷத்தை இவள் ரெண்டு வார்த்தையில் முடித்துவிட்டாள் என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அந்த ரெண்டு வார்த்தை எனக்குத் தோன்றவில்லையே என்பதில் அதைவிட ஆத்திரம்.

வேனில் அவளை முன் ஸீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். என்னைக் கடைசி வரிசையில், மடக்கு ஸீட்டில் அடைத்தார்கள். முட்டி தாடையில் இடித்தது. இங்கே வேனில் கண்டக்டர் கிடையாது. இறங்குகிறவர்கள் சத்தம் போட்டால் டிரைவர் நிறுத்துகிறார், அவ்வளவுதான். ஆள் எண்ணுவார் இல்லை. எனக்குக் கை பரபரத்தது. முன்னால் என் மனைவி டிரைவரிடம் என்னவோ கேட்க, அவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மலையைக் காட்டிக் கதை சொன்னான். இளவட்டம், முப்பது இருக்கும். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். வேனுக்குள் பாட்டு அவ்வளவு சத்தமாக இருந்தும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவளை நான் அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. நான் ஜோக் சொல்லாதவனும் இல்லை. என் வண்டியில் ஏறுகிற காலேஜ் பிள்ளைகள் என் பேச்சுக்காகவே முந்தின வண்டியை விட்டுவிட்டு நிற்பார்கள். அதையெல்லாம் நான் வண்டியிலேயே செலவழித்துவிட்டு வீட்டுக்கு வருவேன் போல.

"என்னத்துக்கு அவனோட அம்புட்டுப் பேச்சு?" என்று இறங்கியதும் கேட்டேன்.

"அந்த மலைக்கு அங்கிட்டு அவங்க அம்மா ஊராம். அம்மா தனியா இருக்காங்களாம். வாரத்துக்கு ஒருக்கா போவானாம்" என்றாள்.

"அதுல சிரிக்க என்ன இருக்கு?"

"அவங்க அம்மா ஆட்டுக்கு அவன் பேரை வச்சிருக்காங்களாம். பேரைச் சொல்லிக் கூப்புட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பாக்குறாங்களாம்" என்று சொல்லி மறுபடியும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கடற்கரையில் மகளும் மருமகனும் குடைக்குக் கீழே சாய்ந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த கடல் ஜெகதாப்பட்டினம். மீன் வாங்கப் போவோம், வருவோம். விசைப்படகும் ஐஸ் பெட்டியும் டீசல் வாசனையுமாக இருக்கும். யாரும் வேடிக்கைக்குத் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். இங்கே கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது, கீழே மணல் தெரிந்தது.

மனைவி துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த மர அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது எனக்கு யாரென்று ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு நீச்சல் உடை. தலைக்கு ஒரு தொப்பி. இந்தப் பயணத்துக்கு வந்த பிறகுதான் அவளைச் சுடிதாரிலேயே முதல் தடவை பார்த்திருந்தேன். பேத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மாச்சி, கமான்!"

இடுப்பளவு தண்ணீர், பிறகு மார்பளவு. நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஏய், போதும், அங்கிட்டுப் போகாத!" என்று கத்தினேன். அவள் கையைத் தூக்கி ஆட்டிவிட்டு, அப்படியே மல்லாந்து தண்ணீர்மேல் படுத்தாள்.

படுத்தே கிடந்தாள். கை ரெண்டும் விரிந்திருந்தன. அலை அவளைத் தூக்கி இறக்கியது. முகம் மேலே வானத்தைப் பார்த்திருந்தது. பேத்தி சுற்றிச் சுற்றி நீந்தினாள்.

"இவளுக்கு எப்ப நீச்சல் தெரியும்?" என்று மகளைக் கேட்டேன்.

"போன தடவை வந்தப்பவே கத்துக்கிச்சே அம்மா. எங்க அபார்ட்மெண்ட் குளத்துல. ஒங்களுக்குத் தெரியாதாப்பா?"

"யாரு, நீ சொல்லிக் குடுத்தியா?"

"எனக்கேது நேரம்? மாடில இருக்காருல்ல, லிஃப்ட்ல ஒங்களுக்கு வணக்கம் சொல்வாருல்ல, அவரு. ரெண்டு பேரும் காலைல ஒண்ணா நடக்கப் போவாங்க. பாவம், அவருக்கும் தனியா இருக்க முடியல."

அந்த மனிதரை எனக்குத் தெரியும். மெக்ஸிகோ பக்கத்துக்காரர், என் வயது, என்னைவிட உயரம், தலை நிறைய வெள்ளை முடி. மூன்று வாரமாக லிஃப்டில் என்னைப் பார்த்தால் கைகூப்பி "வணக்கம்" என்பார். தமிழில் அந்த ஒரு வார்த்தை தெரிந்து வைத்திருக்கிறாரே என்று எனக்குப் பெருமை. "நல்ல மனுசன்" என்று மனைவியிடமே சொல்லியிருக்கிறேன். அவள் "ஆமா" என்று மட்டும் சொன்னாள். அந்த வணக்கத்தை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

வெயில் என் மண்டையில் இறங்கியது. பதினெட்டு மாதம். மூன்று தடவை ஆறு மாதம். நான் வீட்டில் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்த பதினெட்டு மாதமும், இவளுக்கு அங்கே காலை நடை இருந்திருக்கிறது, குளம் இருந்திருக்கிறது, பேச்சு இருந்திருக்கிறது. நான் அவளை நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் அடுப்படியில் நிற்பதாகத்தான் நினைத்தேன். எப்போதும் அடுப்படியில்.

"நான் செத்த நடந்துட்டு வாரேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் போனில் என்னவோ பார்த்துக்கொண்டு, "சீக்கிரம் வந்துருங்கப்பா, நாலரைக்குள்ள கப்பலுக்குப் போகணும்" என்றாள்.

ரோட்டுக்கு வந்தேன். ஒரு வேன் நின்றது. யாரையும் நம்பாமல் நானே கப்பலுக்குப் போய்ச் சேர்ந்து, மேல் தளத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், இவர்கள் என்னைத் தேடி அலைந்துவிட்டு வந்து பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி. ஏறி உட்கார்ந்தேன். எந்த ஊர் வண்டி என்று கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க, போர்டைப் படிக்காமல் ஏறியவர்களைத் திட்டித் தீர்த்தவன், நான் ஏறினேன்.

வேன் கடலை விட்டு மலையில் ஏறியது. வளைவுக்கு மேல் வளைவு. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சீருடையோடு ஏறி, ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கினார்கள். கடைசியில் ஒரு சர்ச், ஒரு பெட்டிக்கடை, ஒரு மாமரம் இருந்த இடத்தில் டிரைவர் வண்டியை அணைத்தார். எல்லோரும் இறங்கிப் போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

டிரைவர் வயதானவர், கனத்த உடம்பு. என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். "ஷிப்?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் வாயில் கையை வைத்துக்கொண்டு, கீழே காட்டினார். மரங்களுக்கு நடுவே, கையகலத்தில், வெள்ளையாக எங்கள் கப்பல் தெரிந்தது. அவர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். மூன்றரை.

"கோ, கோ" என்றேன். அவர் காலி ஸீட்டுகளைக் காட்டித் தோளைக் குலுக்கினார். ஆள் சேராமல் எடுக்க மாட்டேன் என்பதற்கு எந்த பாஷையும் தேவையில்லை. எத்தனை பேருக்கு நானே அப்படிக் கை விரித்திருக்கிறேன்.

என்னிடம் போன் இல்லை. மகளின் நம்பரும் மனப்பாடம் இல்லை. பத்து நிமிஷம் மாமரத்தடியில் நின்றேன். ரெண்டு பெண்கள் மூட்டையோடு பெட்டிக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வருவார்களா, வரமாட்டார்களா என்று தெரியவில்லை. கப்பல் என்னை விட்டுவிட்டுப் போய்விடும் என்று தோன்றியபோது, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். வேன் கதவைத் திறந்து, படியில் ஒரு காலை வைத்து, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தேன்.

"டவுன்! டவுன்! டவுனேய்! வண்டி கெளம்புது, வா வா வா! டவுன்!"

மலையில் எதிரொலித்தது. அந்த ரெண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நிறுத்தினார். நான் விடவில்லை. கதவைத் தட்டினேன், எஞ்சினே ஓடுகிற மாதிரி அவசரம் காட்டினேன். பெண்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். மூட்டையை வாங்கி உள்ளே அடுக்கினேன். சர்ச்சுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் கையைக் காட்டிக்கொண்டே வந்தார். ஒரு கைக்குழந்தைக்காரி வந்தாள், அவளுக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். டிரைவர் வயிறு குலுங்கச் சிரித்தபடி ஸீட்டில் ஏறி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கதவைச் சாத்தி, பக்கவாட்டில் ரெண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்!" என்றேன். வண்டி நகர்ந்தது.

இறங்குகிற வழி முழுக்க நான் நின்றுகொண்டே வந்தேன். வளைவில் ஆள் நின்றால் ஏற்றினேன். அந்த முக்கால் மணி நேரத்தில் எனக்கு யார்மேலும் பொறாமை இல்லை. ஆனால் கடைசி இறக்கத்தில், இதை அவள் பார்க்கவில்லையே என்ற நினைப்பு வந்தது. வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

துறைமுக வாசலில் டிரைவர் என்னிடம் காசு வாங்கவில்லை. கையைப் பிடித்துக் குலுக்கினார். மணி நாலே முக்கால். வாசலில் என் மனைவி மட்டும் நின்றாள். ஈரத் தலையோடு, அவசரமாகப் போட்ட சுடிதாரோடு. மகளையும் பேத்தியையும் உள்ளே அனுப்பிவிட்டு, மருமகன் அதிகாரிகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

"எங்கய்யா போன?" என்றாள்.

நான் அசந்து நின்றேன். ‘ங்க’ இல்லாமல் அவள் என்னிடம் பேசியதே இல்லை.

"எங்க போனன்னு கேக்குறேன்ல? கடலுக்குள்ள போயிட்டியோன்னு அந்தக் கரை முழுக்க தேடுனேன். ஒரு எடம் விடல. இங்க ஆரைப் போயிக் கேப்பேன், என்னன்னு கேப்பேன்?" காவலாளிகள் பார்த்தார்கள். அவளுக்கு அதெல்லாம் தெரியவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் ஒரு மூலையில், என்னைத் தேடியிருக்கிறாள், என்னைத்தான் தேடியிருக்கிறாள் என்று ஒரு கேவலமான சந்தோஷமும் இருந்தது. அதை மறைக்க இங்கே எனக்கு இஷ்டமில்லை.

"வண்டி மாறி ஏறிட்டேன். மேல மலைக்குப் போயிருச்சு. ஆனா கேளு, நான்தான் ஆள் கூப்புட்டு..." என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"பேசாம வாங்க" என்றாள். ‘ங்க’ திரும்பி வந்துவிட்டது.

கப்பல் கிளம்பிய பிறகு மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பேத்தி மட்டும் "ஐயா, யூ காட் லாஸ்ட்" என்று கன்னத்தைக் கிள்ளினாள். பொழுது சாயும்போது மனைவியும் நானும் மேல் தளத்தில் கம்பி ஓரமாக நின்றோம். தீவு சின்னதாகிக்கொண்டிருந்தது.

"அவரு யாரு?" என்று கேட்டேன்.

"எவரு?"

"லிஃப்ட்டுல வணக்கம் சொல்றவரு."

அவள் என்னைப் பார்த்தாள். "அதுக்கா போனீங்க?"

நான் தீவைப் பார்த்தேன்.

"நான் ஒங்ககிட்ட சொன்னேன்" என்றாள்.

"எப்ப சொன்ன?"

"மொத நாள் மெதந்தேன்ல, அன்னைக்கே. சாயங்காலம் வேலையை முடிச்சிட்டு ஒங்களுக்குத்தான் போன் பண்ணேன். அங்க விடிகாலை. தண்ணி மேல படுத்திருந்தேங்க, முங்கவே இல்லைன்னு சொன்னேன். நீங்க, ‘சரி சரி, வண்டிக்கு நேரமாச்சு’ன்னு வச்சிட்டீங்க. மறுநாளும் சொன்னேன். பெறகு சொல்லல."

எனக்கு நினைவில்லை. எவ்வளவோ யோசித்தும் நினைவு வரவில்லை. ஆனால் "வண்டிக்கு நேரமாச்சு" என்று நான் சொல்லியிருப்பேன். அதைத் தவிர வேறு என்ன சொல்லியிருக்கிறேன்?

"அவருக்குப் பொண்டாட்டி செத்து நாலு வருசம். எனக்கு இங்கிலீசு வராது, அவருக்கும் முழுசா வராது. அதனால பேசிக்க முடிஞ்சுச்சு."

கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டேன். "கையைப் புடிச்சுத்தான் சொல்லிக் குடுத்தாரா?"

அவள் கோபப்படவில்லை. கம்பியில் படிந்த உப்பை விரலால் துடைத்தாள். "முதுகுக்கு அடியில கை குடுத்திருந்தாரு, ரெண்டு நாளு. இல்லாட்டி முங்கிருவேன்ல. மூணாம் நாள் கையை எடுத்துட்டாரு. எடுத்தது எனக்குத் தெரியவே இல்ல. நானாத்தான் கெடந்துருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "வேற என்ன கேக்கணும்? கேளுங்க, சொல்றேன்."

கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

மகள் ஊருக்குத் திரும்பிய மறுநாள் அந்த மனிதர் லிஃப்டில் வந்தார். கைகூப்பினார். நானும் கூப்பினேன். கை பாதி உயரத்துக்கு மேல் போகவில்லை. அவர் எங்கள் கப்பல் எப்படி இருந்தது என்று கேட்டார் போல. "குட், குட்" என்றேன். அவர் நல்ல மனிதர்தான். அது எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

ரெண்டு மாதம் கழித்துத் திருமயம் வந்து சேர்ந்தோம். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, என் தங்கச்சியும் மைத்துனர் பெண்டாட்டியும் எதிர்வீட்டு அக்காவும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மனைவி சேலைக்கு மாறியிருந்தாள், குரலும் பழையபடி தாழ்ந்திருந்தது. காபி போட்டுக் கொடுத்துவிட்டுச் சுவர் ஓரமாக நின்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கரீபியன் கதையைச் சொன்னேன். மார்க்கெட்டைச் சொன்னேன். மலைமேல் வண்டியில் ஆள் ஏற்றியதை எழுந்து நின்று நடித்தே காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கப்பலில் கேட்காததை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டாள்.

"நீங்க என்ன மதினி பாத்தீங்க? வாயத் தொறக்க மாட்டேங்குறீங்க" என்றாள் என் தங்கச்சி.

"அதான் அவுக சொல்றாகளே" என்றாள் மனைவி.

அந்தப் பதிலில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் அந்தக் கடலைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, என் கதையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள், அவளுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று தோன்றியது. அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இவ கடல்ல மெதந்தா" என்றேன். "அரைமணி நேரம். மல்லாக்கப் படுத்துக்கிட்டு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நெசமாவா மதினி?"

"சேலையோடயா?"

"பயமா இல்லையா? தண்ணி காதுக்குள்ள போகாதா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சொல்லுவேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முகம் மெல்லச் சிவந்தது. "காதுக்குள்ள தண்ணி போயிரும், அப்ப ஒரு சத்தமும் கேக்காது" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அப்புடியே விட்டுரணும். கழுத்தை மொதல்ல விடணும்." எதிர்வீட்டு அக்கா நாற்காலியை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தங்கச்சி, "இருங்க மதினி, இருங்க, ஆதியிலேருந்து சொல்லுங்க" என்றாள். மனைவி சுவரை விட்டு நகர்ந்து நடு ஹாலுக்கு வந்து, ரெண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

மலைமேல் அடுத்து என்ன நடந்தது என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. இன்னும் ரெண்டு நல்ல இடம் பாக்கி இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு நான் அடுப்படிக்குப் போனேன்.